இலவசத் தூண்டில் லைசென்ஸ்: காசு வேண்டாம், லைசென்ஸ் வேண்டும்

“பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இலவசம்தானே, பிறகு எதற்கு எடுக்க வேண்டும்?” இங்கிலாந்தில் பிள்ளைகளைத் தூண்டில் போடக் கூட்டிப்போகும் நம் ஆட்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். காசுதான் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும்.

வயதுக் கணக்கு எளிது. 13 வயது ஆகாத பிள்ளைக்கு எதுவும் தேவையில்லை. 13 முதல் 16 வரை ஜூனியர் லைசென்ஸ், கட்டணம் கிடையாது. 17 ஆகிவிட்டால் பணம் கட்ட வேண்டும். 66 வயது ஆனவர்களுக்கும் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் சலுகை விலை உண்டு, ஆனால் முழு இலவசம் இல்லை.

பிள்ளைகளுக்கான இந்த இலவச ஏற்பாடு 2017 ஏப்ரல் 1 அன்று வந்தது. அதற்கு முன் 12 வயதிலிருந்தே பிள்ளைகள் 5 பவுண்ட் கட்டினார்கள். தொகை சின்னதுதான், எரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. எந்த மாதம் வாங்கினாலும் முழு ஆண்டு லைசென்ஸ் மார்ச் 31-ஓடு முடிந்துவிடும். ஆகஸ்ட் விடுமுறையில் ஆசையாக வாங்கினால் எட்டே மாதம். இப்போது தொடங்கும் நாளிலிருந்து 12 மாதம் செல்லும். முடிந்ததும் மறுபடி எடுக்க வேண்டும், அதுவும் இலவசமே.

லைசென்ஸ் இல்லாமல் நன்னீர் மீன் பிடிப்பது குற்றம் என்று 1975-ஆம் ஆண்டின் சால்மன், நன்னீர் மீன்வளச் சட்டம் சொல்கிறது. 2017-இல் அந்த விதியில் கை வைக்கவில்லை. பிள்ளைகளுக்கான கட்டணத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் கட்டும் பணம் சுற்றுச்சூழல் முகமை என்ற அரசு அமைப்புக்குப் போகிறது. நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வர்ட்டனில் மீன்குஞ்சு வளர்த்து ஆறுகளில் விடும் பண்ணையை நடத்துவதும் அந்த முகமைதான்.

ஆறு, ஏரி, கால்வாய், தனியார் குளம் எல்லாவற்றுக்கும் இந்த லைசென்ஸ் பொருந்தும். கடலில் கானாங்கெளுத்தி பிடிக்க இது வேண்டாம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மகனிடம் ஜூனியர் லைசென்ஸ் இருக்கிறது. தக்கை சட்டென்று உள்ளே போகிறது, தூண்டில் நரம்பு விறைக்கிறது. “கொண்டா இங்கே” என்று அப்பா தடியை வாங்கிச் சுற்றுகிறார். அந்த நிமிடம் மீன் பிடிப்பவர் அப்பா. மகனின் லைசென்ஸ் அவருக்குச் செல்லாது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம், இரை கோத்துக் கொடுக்கலாம். தடியைப் பிடிப்பதென்றால் அவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்ட் வரை போகலாம்.

கேட்பவர் முகமையின் அதிகாரியாகவோ போலீஸாகவோதான் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் தூண்டில் போடும் இன்னொருவர்கூட, தன் லைசென்ஸை முதலில் காட்டிவிட்டு உங்களுடையதைக் கேட்கலாம். சட்டமே அதற்கு இடம் தருகிறது. ‘இவர் யார் கேட்க?’ என்று முறைத்துப் பயனில்லை.

அடுத்தது, லைசென்ஸ் என்பது நினைத்த இடத்தில் தூண்டில் போட அனுமதி அல்ல. குளத்துக்கும் ஆற்றங்கரைக்கும் சொந்தக்காரர் இருப்பார், அல்லது ஒரு கிளப் குத்தகைக்கு எடுத்திருக்கும். டே டிக்கெட்டோ உறுப்பினர் அட்டையோ தனியாக வாங்க வேண்டும். அது பிள்ளைகளுக்கு இலவசமா என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் நம் வீடுகளில் முதல் கேள்வி. ஏரி, குளம் என்றால் சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒன்றும் எடுக்க முடியாது. ஆற்றில் அனுமதி இருந்தாலும் கணக்கு இருக்கிறது. கார்ப், ரோச், பெர்ச் போன்றவற்றில் 20 செ.மீ. வரையுள்ள சின்ன மீன்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 15. பைக் மீன் 65 செ.மீ. வரை ஒன்று. விலாங்கு ஒன்றுகூடக் கூடாது. பெரியதை எடுத்துச் சின்னதை விடும் நம் பழக்கத்துக்கு இது நேர் எதிர்: மூன்று கிலோ கார்ப் மாட்டினால் படம் எடுத்துவிட்டு மெதுவாகத் தண்ணீரிலேயே விட வேண்டும். குழம்புக்கு மீன் கடைதான் கதி.

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களைப் பிடிக்கத் தடை. ஈஸ்டர் விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் ஏரியையோ கால்வாயையோ பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் இந்தத் தடை இல்லை.

விண்ணப்பிக்க ஜிஓவி.யூகே (GOV.UK) என்ற அரசுத் தளம் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி கொடுத்தால் சில நிமிட வேலை. ஜூனியர் லைசென்ஸுக்குக் கார்டு எண் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். சால்மன் மீனுக்கான லைசென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் மட்டும் யோசியுங்கள்: அதை எடுத்தவர்கள் ஒரு மீனும் சிக்காவிட்டாலும் ஆண்டு முடிவில் பிடித்த கணக்கை அனுப்ப வேண்டும். சும்மா குளக்கரையில் உட்கார நினைக்கும் பிள்ளைக்கு ட்ரவுட் மற்றும் சாதாரண நன்னீர் மீன்களுக்கான லைசென்ஸே போதும்.

தடியை ஒருமுறையாவது பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியாத அப்பாக்களுக்கு அதே தளத்தில் 1 நாள், 8 நாள் லைசென்ஸ்களும் கிடைக்கின்றன. அவற்றுக்குக் காசு உண்டு.