சேலத்துத் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்

"சேலம் தண்ணி ஒத்துக்கல டாக்டர்." வெயில் தொடங்கினதிலிருந்து, கழுத்தில் அரிப்போடு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கடைசியாக வந்தது ஏற்காட்டுப் பெண். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கழுத்தைச் சுற்றி எட்டணா அளவில் வட்ட வட்டமாகச் சிவந்து, நீர் கோத்து, சொறிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. வட்டத்துக்கு வட்டம் ஒரே இடைவெளி. தண்ணீர் இப்படி அளவெடுத்தா அரிக்கும்? கழுத்தில் என்னம்மா போட்டிருந்தாய் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு சோக்கரை, அதாவது கழுத்தை ஒட்டிப் போடுகிற மாலையை, எடுத்தாள். எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்த பாட்டியின் பெட்டியில் கிடந்த லேஸ், பழைய கோட்டு பட்டன்கள். அவளே தைத்தது, அருமையான கைவேலை. லேஸ் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, வெறும் பருத்தி நூல். பட்டனைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பொன்முலாம் அப்படியே இருந்தது. கழுத்தில் உரசுகிற பின்பக்கம் தேய்ந்து வெள்ளையாக மின்னியது. அந்த வெள்ளைதான் நிக்கல், தோலுக்கு ஒவ்வாமை தருகிற உலோகம்.

"மலையில ரெண்டு மாசம் போட்டேன், ஒண்ணும் ஆகல. இங்க வந்தப்புறம்தான்" என்றாள். கூட வந்த அம்மா, "அதான் சொன்னேன், தண்ணிதான்" என்று முடித்துவிட்டார்.

சேலத்துத் தண்ணீருக்காக வாதாட எனக்கு யாரும் ஃபீஸ் தரவில்லை. உப்புத் தண்ணீரில் குளித்தால் தோல் வறளும், சரி. ஆனால் அந்த வறட்சி கை, கால் என்று பரவலாகத் தெரியும், பட்டனுக்குக் கீழே மட்டும் வட்டம் போடாது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே வியர்ப்பது குறைவு. கீழே இறங்கினால் கழுத்து காய்வதே இல்லை. வியர்வை உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கிவிடும். இன்னொன்று, இந்த ஒவ்வாமை போட்ட அன்றே வராது. உடம்பு முதலில் நிக்கலை அடையாளம் வைத்துக்கொள்ளும். அதற்குச் சில வாரமும் ஆகலாம், பல வருஷமும் ஆகலாம். அதன்பிறகு நிக்கல் பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு கிளம்பும். சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட பட்டன் மாலையைத் திங்கட்கிழமை அரிப்புக்கு யார் சந்தேகப்படுகிறார்கள்? திங்கட்கிழமை குளித்த தண்ணீர்தான் மாட்டிக்கொள்கிறது. "இத்தனை நாள் போட்டேனே" என்பது சாட்சியே ஆகாது. அந்த இத்தனை நாளில்தான் ஒவ்வாமை உருவானது. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது.

பழைய பட்டனில் மாலை செய்கிறவர்களின் அடுத்த வசனம், "பழைய காலத்துச் சரக்கு, கலப்படம் இருக்காது." ஐரோப்பிய ஒன்றியம் நகைக்கும் துணிப் பட்டனுக்கும் நிக்கல் கட்டுப்பாடு கொண்டுவந்ததே 1994-ல்தான். உங்கள் பாட்டி பெட்டியில் இருப்பது அதற்கும் முந்தியது. பட்டனே நல்லதாக இருந்தாலும் கொக்கி, வளையத்துக்கு ஜெர்மன் சில்வர் வாங்கி மாட்டுகிறீர்கள். அதில் செம்பு, துத்தநாகம், நிக்கல் உண்டு, வெள்ளி பொட்டுக்கூடக் கிடையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைத் தாண்டிப் போகிறவர்களே இதை வெள்ளி என்று நம்பினால் நான் என்ன சொல்ல?

இதற்குள் மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரை என்று சொல்லி ஒரு கிரீம் கொடுத்திருப்பார்கள். அநேகமாக வீரியமான ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பு அடங்கும், மாலை திரும்பக் கழுத்தில் ஏறும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

சிப்பி, மரம், தேங்காய் ஓட்டுப் பட்டன்களைத் தாராளமாகக் கோத்துக்கொள்ளுங்கள், அவற்றின் பின்னால் நூல் கோக்கிற காது உலோகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகப் பட்டன்தான் வேண்டுமென்றால் பின்பக்கம் முழுவதும் தடித்த பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். நிறமில்லாத நெயில் பாலிஷ் சில நாள் தாங்கும், தேயத் தேயப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கியை 92.5 சதவீத வெள்ளியில் செய்யச் சொல்லுங்கள், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டாக விடுகிற சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும்.

நொடியில் ஒட்டுகிற பசையைப் பருத்தி லேஸில் ஊற்றாதீர்கள். பருத்தியில் பட்டதும் அது சூடேறும், விரல் வெந்து வந்தவர்களும் உண்டு. ஊசி நூல் எதற்கு இருக்கிறது? தந்தம் மாதிரி இருக்கும் பழைய பட்டனைத் தேய்த்தால் கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெயிண்ட் அடித்த பழைய பட்டன்களில் ஈயம் இருக்கலாம், வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு அதில் எதுவும் செய்துபோடாதீர்கள்.

கழுத்து அரித்தால் மாலையைக் கழற்றிவிட்டு வாருங்கள். தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள், அதை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். மேட்சிங் கம்மல் இருந்தால் அதையும்.