அவசரப் பிரிவு வாசலில் நிற்கும் தூண் எப்படிக் காரை நிறுத்துகிறது?

2024 பிப்ரவரி 13, மாலை நேரம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவை நோக்கி வந்த கார் வாசலில் நிற்கவில்லை. முகப்பை உடைத்துக்கொண்டு கூடத்துக்குள்ளேயே போய்விட்டது. ஓட்டி வந்தவர் இறந்துபோனார். கூடத்தில் இருந்தவர்கள், சிறு குழந்தைகள் உட்பட, காயமடைந்தார்கள். அன்றைக்கு அந்த வாசலில் தடுப்புத் தூண்கள் இல்லை. அப்புறம்தான் நட்டார்கள்.

அவசரப் பிரிவு வாசலைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு சங்கடம் புரியும். ஸ்ட்ரெச்சர் தடையில்லாமல் உருள வேண்டும் என்பதால் படி கிடையாது. தரை ஒரே மட்டம். கதவு அகலம், அதுவும் கண்ணாடி, ஆள் வந்தால் தானாகத் திறக்கும். நோயாளியை இறக்கிவிட வசதியாக, வண்டி போர்ட்டிகோவுக்குள் கதவை ஒட்டியே வந்து நிற்கும். ஸ்ட்ரெச்சருக்காகச் செய்த இத்தனை வசதியும் காருக்கும் வசதிதான்.

ஓட்டி வருபவரும் அந்த நேரத்தில் நிதானமாக இருப்பதில்லை. பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா படுத்திருப்பார். சில சமயம் நெஞ்சுவலிக்காரரே தனியாக ஓட்டி வருவார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது இப்படிப்பட்ட நேரத்தில் நடக்கக்கூடியதுதான். வண்டி பாய்ந்ததும், பிரேக் பிடிக்கவில்லை என்று எண்ணி இன்னும் அழுத்தி மிதிப்பார்கள். 1980-களில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று அமெரிக்காவில் பெரிய புகார் எழுந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 1989-இல் அறிக்கை தந்தது. பெரும்பாலும் கால் மாறி மிதித்ததுதான் காரணம் என்று அதில் சொன்னார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் இது நேரும்.

சரி, போர்ட்டிகோவில் என்ன பெரிய வேகம் வந்துவிடப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கார் ஒன்று நின்ற இடத்திலிருந்து முழு மிதியில் கிளம்பி, நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் கூட்டினால், 20 மீட்டர் தாண்டும்போது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். கதவுக்கு நேரே முகம் பார்த்து நிறுத்திய வண்டிக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம்.

வேகத்தைவிட அது சுமந்து வரும் ஆற்றல்தான் கவலைக்குரியது. 2,270 கிலோ எடையுள்ள பெரிய கார் மணிக்கு 16 கிலோமீட்டரில் மோதினால், அதே காரை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். வேகம் மூன்று மடங்காகி 48 ஆனால் ஆற்றல் ஒன்பது மடங்காகும். அதாவது, ஏறத்தாழ மூன்று மாடி உயரத்திலிருந்து கார் விழுவதுபோல. அந்த ஆற்றலை ஒரு மீட்டர் தூரத்துக்குள், காரின் மூக்கு நசுங்குவதையும் தூண் சாய்வதையும் சேர்த்து, தீர்த்தாக வேண்டும். அப்படியென்றால் சராசரியாக 20 டன் எடைக்குச் சமமான விசை அந்த ஒற்றைத் தூணைத் தள்ளும்.

அந்தத் தள்ளலைத் தூண் தானே வைத்துக்கொள்ள முடியாது, மண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மாடு கட்ட முளைக்குச்சி அறைந்தவர்களுக்கு இது புதிதில்லை. குச்சி எவ்வளவு தடிமன் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் மாட்டை நிறுத்தும். தடுப்புத் தூணும் அப்படித்தான். பம்பர் வந்து இடிப்பது தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். தூண் நெம்புகோலாகி அடித்தளத்தைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும். அதனால்தான் வெளியே ஒரு மீட்டர் தெரிந்தால், கிட்டத்தட்ட அதே அளவு தரைக்குக் கீழே கான்கிரீட்டில் புதைந்திருக்கும்.

தூண் என்பது பெரும்பாலும் கனமான எஃகுக் குழாய். உள்ளே கான்கிரீட் நிரப்புவதும் உண்டு. கான்கிரீட்தான் காரை நிறுத்துகிறது என்று பலர் நினைப்பார்கள், ஆனால் அதன் முக்கிய வேலை வேறு. பப்பாளி இலைக்காம்பை வளைத்துப் பாருங்கள்: ஓரிடத்தில் சப்பையாகி, சட்டென்று மடங்கிவிடும். வெற்றுக் குழாயும் அடி விழுந்தால் அப்படித்தான் மடங்கும். உள்ளே கான்கிரீட் இருந்தால் குழாயின் சுவர் உள்வாங்க இடமிருக்காது, எஃகு தன் முழு பலத்தையும் காட்டும்.

நடைமுறையில் தலைவலி எங்கே என்றால், மருத்துவமனை வாசலில் ஆழமாகத் தோண்டவே முடியாமல் போகலாம். கீழே மின்கேபிள், தண்ணீர்க் குழாய், சாக்கடை என்று ஏதாவது ஓடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஒவ்வொரு தூணுக்கும் தனிக்குழி தோண்டாமல், ஆழம் குறைந்த அகலமான பள்ளத்தில் கம்பிகளைப் பாய்போலப் பின்னி, எல்லாத் தூண்களையும் அதில் இணைத்துக் கான்கிரீட் போடுகிறார்கள். ஒரு தூணைச் சாய்க்க வேண்டுமானால் அந்தப் பாய் முழுவதையும், பக்கத்துத் தூண்களோடு சேர்த்து, கார் கிளப்ப வேண்டும்.

தரைமேல் தகடு வைத்து நாலு போல்ட் முடுக்கிய தூண்கள் வேறு ரகம். பெரும்பாலும் அவை வழிகாட்டத்தான் உதவும், மோதினால் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு போகும். அழகுக்காக வைக்கும் பூந்தொட்டியும் அப்படியே. ஒரு டன் எடையுள்ள தொட்டிகூடத் தரையில் உராய்ந்து கொடுக்கும் எதிர்ப்பு அரை டன் விசை அளவுக்குத்தான் வரும். நமக்கு வேண்டியதோ இருபது டன்.

தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது? சிறிய காரே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டராவது வேண்டும். ஆகவே 90 சென்டிமீட்டருக்கும் 1.2 மீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளியில் ஸ்ட்ரெச்சர் போகும், கார் போகாது. ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்கும் இடத்தில் மட்டும், அதன் பின்கதவு முழுதாகத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்துத் திருப்பும் அளவுக்குத் தூண்களைத் தள்ளி நட வேண்டும்.

தூண் தாங்குமா என்பதை நிஜ வண்டியை மோதவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 3016 என்ற அமெரிக்கத் தரம் 2,270 கிலோ வண்டியை மணிக்கு 16, 32, 48 கிலோமீட்டர் வேகங்களில் மோதவிடச் சொல்கிறது. லாரித் தாக்குதலைத் தடுப்பதற்கான எஃப் 2656 தரத்தில் 6,800 கிலோ லாரியை 80 கிலோமீட்டர் வேகம் வரை மோதவிடுவார்கள். முன்னதைப்போல எட்டு மடங்கு ஆற்றல் அது. கால் தவறி மிதித்த காருக்குப் பெரும்பாலான வாசல்களில் முதல் தரமே போதும், செலவும் குறைவு. சோதனையில் தேறிய தூணுக்கும் நாலு போல்ட் தூணுக்கும் மேலே ஒரே மஞ்சள் பிளாஸ்டிக் உறையை மாட்டலாம். மாட்டிவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது எது என்று தெரிய, சான்றிதழைக் கேட்க வேண்டும், அல்லது தோண்டிப் பார்க்க வேண்டும்.