டிவட், பிட்ச் மார்க், சொட்டை: கிரீன்ல விழற பள்ளத்துக்கு என்ன பேர்?

கோல்ஃப் சாமான் விக்கிற கடையில "டிவட் டூல்"னு ஒண்ணு கிடைக்கும். ரெண்டு முள்ளு வச்ச குட்டிக் கவை, பேன்ட் பாக்கெட்ல அடங்கிடும். விஷயம் என்னன்னா அதை வச்சு யாரும் டிவட்டை சரி பண்றதே இல்ல. டிவட்ங்கறது ஃபேர்வேல (குழிக்குப் போற வழியில இருக்கற புல்வெளி) அயர்ன் கிளப்பை, அதாவது இரும்புத் தலை வச்ச கோலை, வீசும்போது பேந்து பறக்குதே, அந்தப் புல்லும் மண்ணும் சேர்ந்த துண்டு. இந்த டூலுக்கு வேலை இருக்கறது கிரீன்ல (குழியைச் சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரை), உசரத்துலேருந்து தொப்புனு வந்து விழற பந்து அமுக்கி வச்ச பள்ளத்துல. அதுக்கு இங்கிலாந்துல பிட்ச் மார்க்னு பேரு, அமெரிக்காவுல பால் மார்க். ஃபேர்வேல துண்டு பேந்து போயிடுது, கிரீன்ல எதுவும் போகறதில்ல, இருந்த இடத்துலயே அமுங்கி ஓரமா ஒதுங்கியிருக்கு அவ்வளவுதான். ரெண்டையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடறதால வர்ற வினை என்னன்னா, "குழி விழுந்துடுச்சு, அடியிலேருந்து தூக்கி விட்டா சரியாயிடும்"னு நினைச்சு நெம்பி எடுக்கறாங்க, கிரீன் இன்னும் மோசமாகுது.

டிவட் ஸ்காட்லாந்துக்காரங்க வார்த்தை. கோல்ஃபுக்குள்ள வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊர்ல புழங்கினது, 16ஆம் நூற்றாண்டு எழுத்துலயே கிடைக்குது, டெவட், டிஃபட்னு ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்காங்க, அதுக்கும் முந்தின மூலத்தைக் கேட்டா தெரியாதுன்னுதான் அகராதி சொல்லுது. அர்த்தம் மட்டும் தெளிவு: மெல்லிசா சீவி எடுத்த புல்தரைத் துண்டு. எதுக்குன்னா கூரை வேய! வேரும் மண்ணும் பின்னிக் கிடக்கறதால துண்டு உதிராது, கழிமேல ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி அடுக்கிட்டு, மேல ஹெதர் செடியோ வைக்கோலோ போட்டு மூடிடுவாங்க. இதைச் சீவறதுக்குன்னே ஃப்ளாக்டர் ஸ்பேட்னு ஒரு தனி மண்வெட்டி இருந்துச்சு, நீளமான பிடி, குனிஞ்சு தொடையால முட்டி முட்டித் தள்ளணும், முதுகு ஒடிஞ்சு போற வேலை.

சட்டத்துல கூட இந்த வார்த்தை இருக்கு. "ஃபீல் அண்ட் டிவட்"னு ஸ்காட்லாந்து சட்டத்துல ஒரு உரிமை, அடுத்தவர் நிலத்துல போய் புல்தரை வெட்டிக்கலாம்னு. தடியா மண்ணோட வெட்டினா ஃபீல், அது சுவருக்கு. மெல்லிசா சீவினா டிவட், அது கூரைக்கு. ஹைலேண்ட்ஸ் பக்கம் நியூட்டன்மோர்ல இருக்கற ஃபோக் மியூசியத்துல 1700கள் காலத்து கிராமம் ஒண்ணையே திருப்பிக் கட்டி வச்சிருக்காங்க, புல்தரை வெட்டிச் சுவர் எழுப்பின வீடு எப்படி இருக்கும்னு அங்க நேர்லயே பாக்கலாம். அந்த ஊர்க்காரங்க கோல்ஃப் ஆடும்போது கிளப் பட்டு அதே மாதிரி ஒரு துண்டு பேந்தா, அதை டிவட்னு சொல்லாம வேற என்னன்னு சொல்வாங்க? அப்புறம்தான் துண்டு போன குழிக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, அங்கேருந்து வழுக்கி கிரீன் பள்ளம் வரைக்கும் வந்துடுச்சு.

பிட்ச் மார்க்னு சொன்னா கிரிக்கெட் பாத்தே வளந்த நமக்கு வேற ஞாபகம் வரும். இங்க பிட்ச்ங்கறது பந்து ஆகாயத்துல ஏறி வந்து தரையில குத்தி இறங்கறது. பால் மார்க்னு தமிழ்ல எழுதினா அது இன்னும் கொடுமை, ஆவின் பாக்கெட் ஞாபகம்தான் வருது. ஏற்கெனவே பந்தை ஏத்தி வைக்கிற ஆணி டீ, கிரீன்ல உருட்டற கிளப் பட்டர், இதுல பால் வேறன்னா நேரா டீக்கடைக்கே வந்து சேந்துடுவோம்.

கிரீன்ங்கற வார்த்தைக்கும் ஒரு கதை இருக்கு. அந்தக் காலத்துல கிரீன்னா மொத்த மைதானமும்தான், குழியைச் சுத்தி இருக்கற வழவழப்பான பகுதி மட்டும் இல்ல. கிரீன்கீப்பர், கிரீன் ஃபீ எல்லாம் அந்தப் பழைய அர்த்தத்துல மிஞ்சினது, இல்லன்னா முழு மைதானத்தையும் பாத்துக்கறவருக்கு ஏன் அந்தப் பேரு. 1744ல எடின்பரோ பக்கத்துல லீத்ல எழுதின 13 விதிகள்தான் நமக்குக் கிடைக்கற பழைய கோல்ஃப் சட்டம், அதுல முதல் விதியே என்னன்னா, குழியிலேருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள பந்தை டீ பண்ணணும்! அதாவது ஒரு குழியில பந்தைப் போட்டுட்டு, அது பக்கத்துலயே நின்னு அடுத்த குழிக்கு ஓங்கி அடிப்பாங்க. குழியைச் சுத்தி இருந்த புல்லோட கதி என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 1860கள்ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல மைதானப் பொறுப்பை எடுத்த ஓல்டு டாம் மாரிஸ் டீ அடிக்கிற இடத்தைத் தனியாப் பிரிச்சதும், மணல் தூவித் தூவி கிரீனைத் தேத்தினதும்தான் இன்னிக்குப் பாக்கற கிரீனுக்கு ஆரம்பம்னு சொல்வாங்க. புல் மட்டமா ஆக ஆகத்தான் அதுல விழற ஒரு சின்னப் பள்ளம் கூடக் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும்.

இப்ப கிரீன் புல்லை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உசரத்துக்கு வெட்டறாங்க. அதுல ஒரு பந்து சரிஞ்சு வந்து குத்தினா நடுவுல அமுங்கும், அமுங்கின புல் முன்பக்கமா ஒதுங்கி ஒரு விளிம்பா எழும்பி நிக்கும். சரி பண்றதுன்னா முள்ளைப் பள்ளத்துக்குள்ள விடக்கூடாது, வெளி ஓரத்துல குத்தி, பிடியை நடுப்பக்கமா சாய்க்கணும், ஒதுங்கின புல் திரும்ப நடுவுக்கு நகரும். இப்படியே சுத்தி வந்து நாலஞ்சு இடத்துல குத்தி நகத்திட்டு, கடைசியா பட்டர் அடிப்பக்கத்தால மெதுவா ரெண்டு தட்டு. அரை நிமிஷ வேலை. பிடியை வெளிப்பக்கமா அழுத்தி அடியிலேருந்து மண்ணை மேல கிளப்பினா வேர் அறுந்துடும், பாக்கறதுக்கு மட்டமா இருக்கும், ரெண்டு நாள்ல அந்த இடம் காஞ்சு பழுப்பாயிடும். அப்படியே விட்டுட்டுப் போனாலும் வம்புதான், எழும்பி நிக்கிற விளிம்பை மறுநாள் காலையில புல் வெட்டற மெஷின் வந்து மொட்டையா சீவிட்டுப் போயிடும், புல் திரும்ப வர வாரக்கணக்காகும்.

இதுக்குத் தமிழ்ல "பந்துத் தடம்", "பந்து வடு"ன்னு போடலாம்னு தோணும், எனக்கு ரெண்டுமே ஒட்டல. தடம்னா உருண்டு போன கோடு மாதிரி இருக்கு, வடுன்னா ஆறிப்போன காயம். வீட்டுல ஏற்கெனவே புழங்கற வார்த்தை ஒண்ணு இருக்கு, சொட்டை. "குடம் கீழ விழுந்து சொட்டையாயிடுச்சு"ன்னு சொல்றோம், ஒடுக்குன்னும் சொல்லுவோம், எதுவும் உடையல, எதுவும் போகல, உருவம் மட்டும் அமுங்கிப் போச்சு. பிட்ச் மார்க் அச்சு அசல் அதுதான். அதோட சொட்டைக்கு இன்னொரு அர்த்தம் தலையில முடி கொட்டின இடம். கவனிக்காம விட்ட பிட்ச் மார்க் முடியறதும் அங்கதான், புல் செத்து திட்டா வெறுமையாகி. அமுங்கினதும் சொட்டை, அதை விட்டதால வந்ததும் சொட்டை, ஒரே வார்த்தையில முழு நோயும் வந்துடுது. அதனால என் ஓட்டு "பந்துச் சொட்டை"க்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, பாத்திரத்துச் சொட்டையை உள்ளேருந்து தட்டி வெளிய எடுப்பாங்க, கிரீன்ல அந்த வேலை ஆகாது, அதைத்தான் மேல சொன்னேன்.

டிவட்டுக்கு "புல்பத்தை" போதும். தேங்காய்ப் பத்தைன்னு சொல்ற அதே பத்தை, பெருசுலேருந்து கீறி எடுத்த துண்டு. துண்டு போன இடம் பத்தைக்குழி. இந்தக் குழியில உங்க பந்து போய் உக்காந்தா சலுகை எதுவும் கிடையாது, இருக்கற மாதிரியே அடிக்கணும். 1998 யூஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியோட கடைசி நாள்ல அமெரிக்க ஆட்டக்காரர் பேய்ன் ஸ்டூவர்ட் 12ஆவது குழியில அடிச்ச நல்ல ஷாட் ஃபேர்வே நடுவுல மணல் ரொப்பின ஒரு பத்தைக்குழியில போய் நின்னுது, கடைசியில ஒரே ஒரு ஸ்ட்ரோக் (ஒரு தடவை அடிக்கிறது) வித்தியாசத்துல கோப்பை போச்சு. யாரோ செஞ்ச சேதத்துக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்னு ஆட்டக்காரங்க புலம்பறதுல நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா விதி மாறல.

கிரீன்ல மட்டும் மாறிச்சு. 2018 வரைக்கும் ஆடறதுக்கு முன்னாடி உங்க கோட்டுல, அதாவது பந்து போக வேண்டிய வழியில, சரி பண்ணிக்க விட்டது ரெண்டே விஷயம்: பந்துச் சொட்டை, அப்புறம் பழைய குழியை அடைச்ச மண்கட்டை. ஷூ ஆணி கீறின தடம் இருந்தா தொடவே கூடாது, எல்லாரும் ஆடி முடிச்சப்புறம் அடுத்தவங்களுக்காக சரி பண்ணிட்டுப் போகலாம், அவ்வளவுதான். 2013ல ஷாங்காய்ல நடந்த பிஎம்டபிள்யூ மாஸ்டர்ஸ்ல இங்கிலாந்தோட சைமன் டைசன், பந்தைக் கையில எடுத்துட்டு அதே பந்தால தன் கோட்டுல இருந்த ஒரு ஆணித்தடத்தை லேசா அமுக்கினார், டிவி பாத்த யாரோ சொல்ல, போட்டியிலேருந்தே வெளியேத்திட்டாங்க. பிறகு நடந்த ஒழுங்கு விசாரணையில, தெரிஞ்சு செஞ்ச மீறல்தான், ஆனா திட்டம் போட்டு ஏமாத்தினது இல்ல, ஒரு நொடிச் சறுக்கல்னு சொல்லி 30,000 பவுண்ட் அபராதமும் நிறுத்தி வைக்கப்பட்ட ரெண்டு மாசத் தடையும் போட்டாங்க. கட்டைவிரல் அளவு புல்லுக்கு!

2019 ஜனவரி 1லேருந்து, கோல்ஃப் விதிகளை எழுதற அமைப்புகளான ஆர் அண்ட் ஏவும் யூஎஸ்ஜிஏவும் கொண்டு வந்த புது விதிப்புத்தகத்துல 13.1சிங்கற விதி இதைத் தலைகீழாக்கிடுச்சு. ஆளோ, மிருகமோ, பராமரிப்பு வேலையோ செஞ்ச சேதம் கிட்டத்தட்ட எதுவானாலும் கிரீன்ல சரி பண்ணிக்கலாம்: ஷூ தடம், கொடிக்கம்பு பட்ட கீறல், புல் ஒட்டுப்போட்ட தையல், புதைஞ்ச கல், மிருகங்களோட குளம்புத் தடம் வரைக்கும். குளம்பெல்லாம் எதுக்குன்னு சிரிக்க வேணாம், கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துல காட்டுமாடு மேயறதைப் பாத்தவங்களுக்கு அது தெரியும்.

ஆனா இயற்கையா வந்ததைத் தொடக்கூடாது. மழையில ஆன பள்ளம், களை, நோய் வந்த திட்டு, தேய்ஞ்சு போன குழி விளிம்பு எல்லாம் அப்படியே இருக்கணும். காத்து போகட்டும்னு பராமரிப்புக்காரங்க வரிசையா போடற துளைகளையும் அடைக்கக்கூடாது, அதை அனுமதிச்சா ஒருத்தர் பட் பண்ண (பந்தைக் குழிக்கு உருட்ட) சாயந்திரம் ஆயிடும். இங்கதான் நம்ம சொல் சிக்கல் திரும்பவும் வருது, பழைய பந்துச் சொட்டை கவனிக்காம விட்டு புல் செத்த வெறும் திட்டா நிக்குதுன்னு வைங்க, அது சேதமா, இயற்கைக் குறையா? புல் இல்லாத திட்டுன்னு ஆயிட்டா அது தொடக்கூடாத பட்டியல்ல வருது. அமுங்கின வடிவம் இன்னும் தெரிஞ்சா சொட்டை, சரி பண்ணலாம். மைதானத்துல சண்டை வர்றது இந்த எல்லையிலதான், சந்தேகம் வந்தா கூட ஆடறவர்கிட்டயோ ரெஃப்ரிகிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

சரி பண்றதும் முன்னால இருந்த நிலைக்குக் கொண்டு வர்ற அளவுக்குத்தான். குழி வரைக்கும் வாய்க்கால் மாதிரி அமுக்கி வழி போட்டா, மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணற ஸ்ட்ரோக் பிளேல ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை, குழிக்குக் குழி ஜெயிக்கிற மேட்ச் பிளேல அந்தக் குழியே போச்சு. ஒவ்வொரு புல்லா தடவிக்கிட்டு நேரத்தை இழுத்தா அதுக்கு வேற தனியா தண்டனை இருக்கு. நிறைய பேர் மாட்டிக்கறது எங்கன்னா, இந்த அனுமதி கிரீனுக்குள்ள மட்டும்தான். பந்து கிரீனுக்கு வெளிய கிடந்தாலும் கிரீன் மேல இருக்கற சொட்டையை சரி பண்ணலாம், ஆனா அதைச் சுத்தி இருக்கற ஓரப்புல்லுல உங்க கோட்டுல ஒரு சொட்டை இருந்தா கை வைக்கக்கூடாது, வச்சா அதே ரெண்டு ஸ்ட்ரோக்.

இத்தனை தண்டனையும் தப்பா சரி பண்றவங்களுக்குத்தான், தன் பந்துச் சொட்டையைத் திரும்பிக்கூடப் பாக்காம போறவருக்கு விதிப்புத்தகத்துல ஒரு ஸ்ட்ரோக் கூடக் கிடையாது. மைதானத்தைப் பாத்துக்கணும்னு விதி 1.2 சொல்லுது, கிளப் கமிட்டி தனியா நடத்தை விதி எழுதி வச்சாதான் தண்டனை. எனக்கு இது விசித்திரமாத்தான் படுது.

அந்த டூலுக்கு "சொட்டைமுள்"னு பேர் வைக்கலாம், ஆனா கடையில டிவட் டூல்னு கேட்டாதான் எடுத்துக் குடுப்பாங்க. வாங்கலன்னாலும் பரவாயில்ல, பாக்கெட்ல கிடக்கற மர டீயால குத்தி நகத்தினாலும் விதிப்படி சரிதான்.