ஏரி வண்டல் இலவசம்தான், ஆனால் கைக்கு வருவதற்குள்…

ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டும் மழை, ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கல் வழியாக ஓடிவிடுகிறது. மாசியில் அதே ஏரியின் பாசனத்தில் பயிர் காய்கிறது. தூர்ந்த ஏரியில் வேறென்ன நடக்கும்? அந்த வண்டலை அள்ளி வயலில் போட்டால் ஏரியும் ஆழமாகும், வயலும் ஈரம் பிடிக்கும்.

முன்பு இதற்கு ஆட்சியர் வரை போக வேண்டும். 2024 ஜூன் முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம், விண்ணப்பம் இ-சேவை வழியாக. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் கணக்கில் ஏறக்குறைய 25, 30 நடை. மண்ணுக்குக் காசில்லை, ஜேசிபி, டிராக்டர் வாடகை உங்கள் பாடு.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மாவட்ட அரசிதழில் வந்த பட்டியலில் உள்ள ஏரியில் மட்டும்தான் அள்ள முடியும். உங்கள் ஊர் ஏரி அதில் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் வட்டத்துக்குள் பட்டியலில் உள்ள வேறு ஏரியைக் கேளுங்கள். ஏரி யாருடையது என்ற பந்தாட்டமும் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, இருந்தால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் போனால் அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள், இவர்கள் அவர்களை.

அடுத்தது பட்டா. இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடந்தாலோ கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ கிராம நிர்வாக அலுவலரிடம் கோப்பு தூங்கும். இதைச் சித்திரையில் சரிசெய்ய ஆரம்பித்தால் தாமதம்தான். குத்தகைக்கு உழுபவர் பாடு இன்னும் மோசம். நிலம் அவர் பெயரில் இல்லை, காகிதம் கேட்டால் நில உரிமையாளர் சந்தேகப்படுவார். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடியாளராகப் பெயர் ஏற்றிக்கொள்ளப் பாருங்கள்.

கோப்பு நேரத்தோடு நகர்ந்தால் சரி, நகராவிட்டால் புரட்டாசி வந்துவிடும். ஏரியில் தண்ணீர் ஏறியபின் கையில் உள்ள அனுமதிக்கு மதிப்பில்லை. அதனால் ஏரி காயத் தொடங்கும்போதே விண்ணப்பம் போடுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால், அந்தச் சீட்டில் உள்ள எண்ணைக் காட்டி வட்டாட்சியரிடமே கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.

அனுமதி நகல் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் வழியில் பிடித்தால் வண்டி போய்விடும், மீட்க அலைவது நீங்கள்தான். கரையை ஒட்டியும் மதகுக்குப் பக்கத்திலும் தோண்ட விடாதீர்கள்.

கடைசியாக, "உங்க பட்டா நகலும் ஆதாரும் குடுங்க அண்ணே, நாங்களே எல்லாம் பாத்துக்கறோம்" என்று வருபவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் எடுத்த மண் செங்கல் சூளைக்குப் போகும், வழக்கு வந்தால் உங்கள் வீட்டுக்கு வரும்.