கம்ப்யூட்டர் நின்றுபோகும் முன்: மீட்பு பென்டிரைவும் பேக்கப்பும்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுபோயின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு அப்டேட்தான் காரணம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனம் 78 நிமிடங்களில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் எத்தனையோ கணினிகள் பல நாட்கள் அப்படியே கிடந்தன. திருத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் விண்டோஸ் ஓடி, இணையத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இவையோ அதற்கு முன்பே விழுந்துகொண்டிருந்தன. பெரும்பாலான கணினிகளுக்கு ஓர் ஆள் நேரில் போய், வேறு வழியில் பூட் செய்து (அதாவது கணினியைத் தொடங்கி), ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு பென்டிரைவ் கருவியை வெளியிட்டது.

அவை அலுவலகக் கணினிகள். ஓடிவர ஐ.டி. பிரிவு இருந்தது. வீட்டுக் கணினிக்கு அப்படி யாரும் கிடையாது; அது போன்ற ஒரு மீட்பு பென்டிரைவை நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டின் சிப் ஒன்றில் குடியிருக்கும் யு.இ.எஃப்.ஐ. என்ற சிறு மென்பொருள். பழைய பழக்கத்தில் பலர் இதை இன்னும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். அது மெமரியையும் கீபோர்டையும் சரிபார்த்துவிட்டு, டிஸ்க்கில் இதற்கென ஒதுக்கிய சின்னஞ்சிறு பார்ட்டிஷனைத் தேடிப் போகும். அங்கே இருக்கும் பூட் மேனேஜர், விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் படித்து, அதை ஏற்றும் நிரலை அழைக்கும். அந்த நிரல் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர்களையும் மெமரிக்குக் கொண்டுவரும். அப்புறம்தான் நமக்குத் தெரிந்த லாகின் திரை வரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் படங்களும் கணக்குகளும் பத்திரமாக இருக்கலாம்; அவற்றை எட்ட வழி இருக்காது.

விண்டோஸ் இதற்கு ஒரு முன்னேற்பாடு வைத்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு முறை பூட் ஆகாமல் போனால், டிஸ்க்கின் மறைவான மீட்புப் பகுதியிலிருந்து ஒரு குட்டி விண்டோஸை எழுப்பிப் பழுதுபார்க்க முயலும். சின்னக் கோளாறுகளுக்கு இதுவே போதும். ஆனால் அந்த மீட்புப் பகுதியும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் நோயோடு மருந்தும் சேர்ந்து போய்விடும்.

மீட்பு பென்டிரைவ் அதே குட்டி விண்டோஸை வெளியே எடுத்து வைக்கிறது. யு.இ.எஃப்.ஐ.யிடம் யு.எஸ்.பி.யிலிருந்து பூட் செய்யச் சொன்னால், அது பென்டிரைவிலிருந்து மெமரிக்கு ஏறி அங்கேயே ஓடும். உள்ளே இருக்கும் டிஸ்க் செத்துக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. தயாரிப்பது எளிது: ஸ்டார்ட் மெனுவில் ரெக்கவரி டிரைவ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கருவி வரும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் கட்டாயம் டிக் போடுங்கள். டிக் இல்லாவிட்டால் பழுதுபார்க்கும் கருவிகள் மட்டும் ஏறும். இருந்தால் புது டிஸ்க் மாட்டி அதிலேயே விண்டோஸை நிறுவலாம். 32 ஜி.பி. பென்டிரைவ் தாராளமாகப் போதும், ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்டேட்டுகள் மாறிக்கொண்டே இருப்பதால் வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்யச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட்.

இதோடு ஒரு சாவியும் வேண்டும். இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. மதர்போர்டில் உள்ள டி.பி.எம். என்ற சிப், பூட் ஆகும் வழியில் எதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே பூட்டைத் திறக்கும். மதர்போர்டை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. சர்வீஸ் கடையில் டிஸ்க் நன்றாகவே இருந்தும் படங்கள் போய்விட்டன என்று கைவிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

சரி, கோப்புகள்? மீட்பு பென்டிரைவில் உங்களுடைய ஒரு படம்கூட ஏறாது. அதற்குத் தனியாகப் பேக்கப் வேண்டும். ஹார்டு டிஸ்க் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போகும்: டிக் டிக் என்ற சத்தம், கோப்பு திறக்கத் தாமதம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்களிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில், அதை நடத்தும் கன்ட்ரோலர் சிப் போனால் நேற்று வரை ஓடியது இன்று கண்ணிலேயே படாது. தவறுதலாக அழித்ததை மீட்பதும் எஸ்.எஸ்.டி.யில் கடினம். அழித்த இடங்களை விண்டோஸ் டிஸ்க்குக்குத் தெரிவித்துவிட, டிஸ்க் அவற்றைப் பின்னணியில் துடைத்துவிடுகிறது.

பேக்கப் மென்பொருளுக்குள் நடப்பதில் என்னை மிகவும் கவர்ந்தது ஷேடோ காப்பி. டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் கோப்பை நகலெடுத்தால், பாதி பழைய கணக்கும் பாதி புதுக் கணக்குமாக வர வாய்ப்புண்டு. விண்டோஸ் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. பேக்கப் தொடங்கும் கணத்தை அது குறித்துக்கொள்ளும். அதன்பின் டிஸ்க்கின் ஒரு பகுதியில் எதையாவது புதிதாக எழுத வந்தால், அங்கிருக்கும் பழையதை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு எழுத விடும். பேக்கப் மென்பொருள் மாறாத பகுதிகளை அதே இடத்திலும், மாறியவற்றை ஓரமாக வைத்த நகலிலும் படிக்கும். நீங்கள் வேலையைத் தொடரலாம். பேக்கப்பில் விழுவது அந்த ஒரு கணத்தின் முழுப் படம்.

கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ எல்லாம் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அவை ஒத்திசைவுச் சேவைகள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும், அவ்வளவுதான். எப்போதும் செருகியே வைத்திருக்கும் வெளி டிஸ்க்கிலும் ஆபத்து உண்டு. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல், கணினியோடு இணைந்திருந்த டிரைவ்களையும் பூட்டியது, ஷேடோ காப்பிகளையும் அழித்தது. பேக்கப் முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது தீ, திருட்டு, வெள்ளம் மூன்றுக்கும் பதில்.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பார்க்க வேண்டும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து பேக்கப் முறைகள் இருந்தன. ஒன்றுகூட நம்பி எடுக்கும் நிலையில் இல்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

வீட்டில் சோதிக்க அரை மணி நேரம் போதும். கணினி ஆன் ஆகும்போது எஃப்12, எஸ்கேப் என அந்தந்த மாடலுக்குரிய விசையை அழுத்தி, மீட்பு பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறதா என்று பாருங்கள். மெனு வந்ததும் எதையும் தொடாமல் வெளியேறிவிடலாம். அப்புறம் வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி நாலைந்து படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். பழைய தமிழ்க் கடிதம் ஒன்றையும் திறக்க மறக்காதீர்கள். யுனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருப்பதால், ஆவணங்களை மட்டும் எடுக்கும் பேக்கப்பில் அது விடுபட்டுவிடும். அதையும் அந்தக் கடிதங்களோடு ஒரே ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள்.