உங்கள் போர் தண்ணீருக்கு எந்த மீன்?

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. மகள் ஆசைப்பட்டாளே என்று மீன் தொட்டி வாங்கி, சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரையே நிரப்பினோம். விட்ட நாலு மோலியும் ஒரு வாரத்தில் செத்துப்போயின. நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே, அதில் என்ன குறை?"

அதில் உப்பு போதவில்லை, அதுதான் குறை. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உப்பு.

மீனின் ரத்தத்தில் இருக்கும் சோடியமும் குளோரைடும், அது நீந்தும் நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊறிப் பருக்கிறதே, அதே சவ்வூடு பரவல்தான் மீனுக்கும் நடக்கிறது. தோலைச் செதிலும் சளியும் ஓரளவு காக்கின்றன. செவுளுக்கு அந்த வசதி இல்லை. ஆக்சிஜன் உள்ளே வர வேண்டுமென்றால் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் சுவர் மிக மெல்லியதாக இருந்தாக வேண்டும். அந்த மெல்லிய சுவர் வழியாகவே தண்ணீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. இரவும் பகலும் இதே கதைதான்.

அதனால் நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்து மூடுவதெல்லாம் மூச்சுக்காக. உள்ளே புகுந்த தண்ணீரைச் சிறுநீரகம் ஓயாமல் இறைத்துக் கொட்டுகிறது. கோல்டு ஃபிஷ் ஒரு நாளில் வெளியேற்றும் சிறுநீர் அதன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும்!

சரி, கசிந்துபோன உப்பு எப்படித் திரும்பக் கிடைக்கிறது? கொஞ்சம் இரையிலிருந்து வருகிறது. மீதி எங்கிருந்து வருகிறது என்பதை டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1930களில் கண்டுபிடித்தார். ரத்த நுண்குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக 1920இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். மீன்களை உப்பே இல்லாத நீரில் வைத்து அவற்றின் உடல் உப்பைக் குறையவிட்டார். பிறகு மிக மிக நீர்த்த உப்புக் கரைசலுக்கு மாற்றினார். கரைசலில் இருந்த உப்பு குறைந்துகொண்டே வந்தது. மீன் அதைச் செவுளால் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இதைச் செய்பவை செவுளில் இருக்கும் தனிவகை செல்கள். அவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வேலைக்கு அவ்வளவு ஆற்றல் தேவை. செறிவு குறைந்த வெளியிலிருந்து செறிவு மிகுந்த உள்ளுக்கு, இயற்கையான ஓட்டத்துக்கு எதிராக, சோடியத்தையும் குளோரைடையும் ஒவ்வொரு அயனியாக இழுத்துப் போடுகின்றன. ஒரு மோலி அசையாமல் நிற்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் கால்சியம். செவுள் செல்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில் கால்சியம் ஒட்டிக்கொண்டு அவற்றை இறுக்கமாக வைக்கிறது. உப்புக் கசிவு குறைகிறது. குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்து நம்மைப் படுத்துகிற அதே கால்சியம்தான் மீனின் செவுளைக் காக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் சோடியம், குளோரைடு, கால்சியம் எல்லாவற்றையும் பெருமளவு எடுத்துவிடுகிறது. கசிவு கூடுகிறது, உறிஞ்ச வெளியிலும் ஒன்றும் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் கால்சியம் மிகுந்த கடின நீரிலும் கழிமுகங்களிலும் வாழ்ந்து பழகிய மோலியால் இதைத் தாங்க முடியாது. துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

நேர்மாறான மீன்களும் உண்டு. அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் தண்ணீர் மழைநீர் போல மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. அங்கே வாழும் கார்டினல் டெட்ராவின் செவுள், கிடைக்கும் துளி சோடியத்தையும் விடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு ஆர்.ஓ. கலந்த நீர் சௌகரியம். அடர்ந்த போர் தண்ணீர் சரிப்படாது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளில் இறங்கி வரும் ஓடைகளும் பெரும்பாலும் மென்னீர்தான். தாமிரபரணிப் படுகையில் மட்டுமே காணப்படும் கெண்டை வகை மீன்கூட ஒன்று உண்டு. 'மிஸ் கேரளா' என்று உலகம் முழுக்க விற்ற மீனை ஆறுகளிலிருந்து அள்ளி அள்ளியே அருகச் செய்துவிட்டோம். உள்ளூர் மீன்களைப் பண்ணையில் பெருக்கும் ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலங்கார மீனுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்தில் இருக்கும்போது, கைத்திறனுக்கா பஞ்சம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாஸ்து மீன் என்று அரவானாவையும் ஃபிளவர்ஹார்னையும் சின்னத் தொட்டியில் அடைக்கிறார்கள். அரவானா மூன்றடி வரை வளரக்கூடியது. செத்துப்போனால், வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை. அடுத்த மீனும் அதே தண்ணீரில்தான் சாகிறது.

வாசகிக்கு என் யோசனை: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் போர் தண்ணீரை அளந்து பாருங்கள். 400லிருந்து 1000 பிபிஎம் வரை காட்டினால் மோலி, கப்பி, பிளாட்டி மூன்றுக்கும் அப்படியே பயன்படுத்தலாம். அதற்கு மேலே போனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து குறைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். கோல்டு ஃபிஷுக்கும் கடின நீர் ஒத்துக்கொள்ளும். ஆனால் பெரிதாக வளரும், கழிவும் அதிகம், சின்னத் தொட்டிக்கு வேண்டாம். ஃபைட்டர் மீனில் ஆண் என்றால் தொட்டிக்கு ஒன்றே ஒன்று.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, ஒரு மாதம் இரையைக் குறைவாகப் போடுங்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக அவ்வளவு நாளாகும். கடையில் மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேளுங்கள். அப்புறம், பையோடு வாங்கி வந்த மீனை உடனே கொட்டிவிடாமல், தொட்டித் தண்ணீரை அரை மணி நேரமாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.