ஸ்க்ரோலிடெல்லிங்: உருள்கதையா, உருட்டுக் கதையா?

அம்மாவிடம் ஒருநாள் கைபேசியில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஜோஷ் வர்த் என்ற வடிவமைப்பாளர் 2014இல் செய்தது. நிலாவை ஒரே ஒரு பிக்சலாக, அதாவது திரையின் மிகச் சிறிய புள்ளியாக, வைத்துக்கொண்டு, அதே அளவுகோலில் சூரியக் குடும்பம் முழுவதையும் பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பார். சூரியனுக்கு 400 பிக்சல். கைபேசித் திரையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தள்ளினால் கறுப்பு. இன்னும் தள்ளினால் இன்னும் கறுப்பு. பூமி வருவதற்கு 43,000 பிக்சல் போக வேண்டும், நூறு திரைக்கு மேல். புதன் வருவதற்குள்ளேயே அம்மா, "தள்ளிட்டே போறேன், ஒண்ணுமே வர மாட்டேங்குதே" என்றாள்.

விண்வெளியில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை என்பதைப் பள்ளிக்கூடப் பாடம் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர் என்று படித்தோம், பரீட்சையில் எழுதினோம், அவ்வளவுதான். இங்கே அந்த 15 கோடி விரலில் வலிக்கிறது.

இப்படி, வாசிப்பவர் பக்கத்தை நகர்த்த நகர்த்தப் படமும் கணக்கும் எழுத்தும் சேர்ந்து விரிகிற ஆக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்க்ரோலிடெல்லிங் என்று பெயர். ஸ்க்ரோலையும் ஸ்டோரிடெல்லிங்கையும் ஒட்டுப்போட்டது. 2010களில் புழக்கத்துக்கு வந்தது, கொஞ்சம் விளையாட்டுத்தனமான சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போது, முதலில் அந்த ஒட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் சரக்கு அருமையானது.

ஸ்க்ரோல் என்பதன் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. தோலிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு, கீற்று என்று பொருள். வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே மூன்றாம் ஆளிடம் பணத்தை வைக்கும் எஸ்க்ரோ கணக்கு என்று வங்கிகளில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான். பிறகு அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, ரோல் என்ற சொல்லின் சாயல் ஏறி இப்போதைய வடிவத்தைப் பிடித்தது. ரோல் எங்கிருந்து வந்தது? 'சின்னச் சக்கரம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

டெல் என்பது இன்னும் சுவை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு எண்ணுதல் என்றும் பொருள், சொல்லுதல் என்றும் பொருள். வங்கியில் காசு எண்ணித் தருபவர் டெல்லர் ஆனது அதனால்தான். ஜெர்மனில் இன்றும் எண்ணுவதும் கதை சொல்வதும் ஒரே வேரில் நிற்கின்றன. நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. எண் என்றால் தொகை, எண்ணம் என்றால் நினைப்பு, எண்ணுவது இரண்டையும்தான். ஆக, புள்ளிவிவரத்தைக் கதையாகச் சொல்லும் ஒரு கலைக்கு டெல் என்ற சொல் வந்து வாய்த்தது தற்செயல் என்றாலும் கச்சிதம்.

போகிற போக்கில் தரவு பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டா என்றால் லத்தீனில் 'கொடுக்கப்பட்டவை'. தரவு என்பதும் தருதலிலிருந்து வருவது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு எல்லாச் சொல்லுக்கும் கிடைப்பதில்லை. டேட்டா விஷுவலைசேஷனுக்காகப் பின்னாலேயே 'காட்சிப்படுத்தல்' என்று ஒரு ரயில் பெட்டியைக் கோத்துவிட்டதுதான் குறை.

சரி, தமிழுக்கு வருவோம். கையில் இருப்பவை மூன்று: சுருள், தள்ளு, உருள்.

சுருள் அழகான சொல். வெற்றிலைச் சுருள், படச்சுருள், ஓலைச்சுருள் எல்லாம் நாம் அறிந்தவை. சுருட்டு என்ற நம் சொல்லை ஆங்கிலமே 'செரூட்' என்று எடுத்துக்கொண்டது. ஆனால் சுருள் என்பது பொருளைக் குறிக்கிறது, செயலை அல்ல. திரையில் எதுவும் சுருண்டு கிடக்கவில்லை. சுருள்கதை என்றால் எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லும் கதை மாதிரி கேட்கிறது.

தள்ளு என்பது அம்மாவின் சொல். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடைமுறை. "மேல தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்கிறோம். விரல் செய்யும் வேலைக்கு இதைவிட நேரான சொல் கிடையாது. பேச்சில் இதையே வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் கலைச்சொல்லாக்கினால் 'தள்ளுகதை' என்று வரும், உடனே தள்ளுபடியும் தள்ளுமுள்ளும் கூடவே வந்து நிற்கும்.

மிஞ்சுவது உருள். கணினித் தமிழில் உருட்டுதல், உருள்பட்டை என்று ஏற்கெனவே இருக்கின்றன. உருட்டுபவர் வாசகர்தானே, அப்படியானால் உருட்டு என்பதே சரி என்று வாதாடலாம். இலக்கணப்படி 'உருட்டுகதை' தவறே இல்லை, ஊறுகாய், சுடுசோறு போல. ஆனால் நடுவில் ஒரு க் விழுந்தால் போச்சு: உருட்டுக்கதை! இன்றைய பேச்சில் உருட்டு என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தரவை வைத்துச் செய்யும் ஒரு ஆக்கத்துக்கு 'உருட்டு' என்று பெயர் வைத்தால், செய்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. (சில வரைபடங்களைப் பார்க்கும்போது அந்தப் பெயரே பொருந்தும் என்பது வேறு விஷயம்.)

அதனால் என் வாக்கு உருள்கதைக்கு. உருள் என்றால் உருளுதல் மட்டுமல்ல, சக்கரமும்தான். குறள் 667இல் வரும் உருள்பெருந்தேரை எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அந்த லத்தீன் சின்னச் சக்கரம், மவுசின் முதுகில் இருக்கும் சக்கரம், நம் உருள் எல்லாம் ஒரே அச்சில் வந்து உட்காருகின்றன. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உருள்கதை ஒரு வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்லும் அந்த வகை. உருண்ட கதை, உருள்கின்ற கதை, உருளும் கதை, மூன்றும் அதற்குள் அடக்கம். திரையை யோசித்துப் பாருங்கள்: மேலே போய் மறைந்தது ஒரு பகுதி, கண் முன் நிற்பது ஒரு பகுதி, கீழே காத்திருப்பது ஒரு பகுதி. ஆங்கிலத்தால் இதை ஒரே சொல்லில் சொல்ல முடியாது. நமக்கு இலக்கணமே செய்து கொடுத்துவிடுகிறது.

இனி, எதை உருள்கதை என்று சொல்லலாம்? நீளமான பக்கம் எல்லாம் உருள்கதை ஆகாது. அப்படியானால் மளிகைக்கடை ரசீதும் உருள்கதைதான். நகர்த்துவதற்கே ஒரு பொருள் இருக்க வேண்டும். ஸ்டெபனி யீயும் டோனி சூவும் 2015இல் இயந்திரக் கற்றலை, அதாவது கணினி தரவிலிருந்து தானே கற்றுக்கொள்வதை, விளக்கிச் செய்த பக்கம் நல்ல உதாரணம். சான் பிரான்சிஸ்கோ வீடுகளையும் நியூயார்க் வீடுகளையும் கணினி எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதான் கேள்வி. சான் பிரான்சிஸ்கோ மேடும் பள்ளமுமான ஊர், ஆகவே 240 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் வீடு அங்கேதான் இருக்க வேண்டும் என்று முதல் கோடு விழுகிறது. நாம் நகர்த்த நகர்த்த, புள்ளிகளாக இருக்கும் வீடுகள் கிளை கிளையாகப் பிரிந்து, சல்லடையில் போட்ட தானியம் மாதிரி கீழே கொட்டுகின்றன. விரலை நிறுத்தினால் அவையும் நிற்கும். பின்னால் இழுத்தால் மேலே ஏறும். வாசகரின் விரல்தான் கடிகாரம்.

செய்தி உலகில் இந்த வடிவத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நியூயார்க் டைம்ஸ் 2012 டிசம்பரில் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்'. அந்த ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் டனல் கிரீக்கில் மூன்று பேரைப் பலிகொண்ட பனிச்சரிவு பற்றியது. எழுதிய ஜான் பிராஞ்சுக்கு 2013இல் புலிட்சர் கிடைத்தது. அப்புறம் கொஞ்ச காலம் செய்தி அறைகளில் "இதை ஸ்னோஃபால் பண்ணிடலாமா?" என்று வினைச்சொல்லாகவே கேட்டார்கள். பனிச்சரிவுக்குப் பொருந்திய சட்டையை எல்லாச் செய்திக்கும் மாட்டிவிட்டது அதனால் வந்த வினை.

இதெல்லாம் ரொம்பப் புதிது என்று நினைத்தால், வங்காளத்தின் பட்டுவாக்கள் என்ற சுருள் ஓவியர்களைப் பார்க்க வேண்டும். மேற்கு மிட்னாப்பூரில் பிங்களா பக்கம் நயா என்ற ஊரில் இன்றும் இருக்கிறார்கள். கட்டம் கட்டமாக வரைந்த நீண்ட சுருளை மேலிருந்து விரித்துக்கொண்டே, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டிப் பாடுவார்கள். அடுத்த கட்டம் விரியும் வரை அடுத்த வரி வராது. புராணம் மட்டுமல்ல, 2004 ஆழிப்பேரலைக்கும் சுருள் வரைந்திருக்கிறார்கள். நிரல் எழுதுபவர்கள் இப்போது செய்வதும் அதேதான்: குறிப்பிட்ட பத்தி திரைக்குள் வந்துவிட்டதா என்று உலாவி கவனித்துச் சொல்லும், சொன்னதும் பக்கத்தில் ஒட்டி நிற்கும் படம் மாறும். சுட்டுவிரல் மட்டும் கை மாறிவிட்டது.

கூடவே சுற்றும் சில சொற்களையும் பார்த்துவிடலாம். பின்னணி மெதுவாகவும் முன்னணி வேகமாகவும் நகரும் வித்தைக்குப் பாரலாக்ஸ் என்கிறார்கள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அடி வாங்கிய காலத்திலேயே இடமாறு தோற்றம் என்று படித்திருக்கிறோம். ஸ்க்ரோல்ஜாக்கிங் என்பதற்குத்தான் சொல் வேண்டும். விரல் ஒரு அங்குலம் நகர்த்தினால் பக்கம் ஒரு திரை குதிக்கும், அல்லது பிடித்து வைத்துக்கொண்டு அசைவூட்டம் முடியும் வரை விடாது. ஒருமுறை ஒரு விமான நிறுவனத்தின் பக்கத்தில், பெட்டிக்கு எத்தனை கிலோ என்று பார்க்கப் போய், மேகத்துக்குள் பறக்கும் விமானத்தை மூன்று தடவை பார்த்துவிட்டுத் திரும்பினேன். எடை கடைசிவரை தெரியவில்லை. வழிப்பறி இருக்கும்போது உருள்பறி இருக்கலாம்.